சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு: தூரமும் பயண நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம், இடைநிற்காமல் பறந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். பயண நேரம் பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இந்தத் தூரம் பூமியின் உருண்டையான பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். தட்டையான வரைபடத்தில் பசிபிக் பெருங்கடலைக் கடந்து நேராகக் கிழக்கே செல்வதுதான் குறுக்குவழி என்று தோன்றினாலும், ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் அது வட துருவத்தை ஒட்டியே செல்வதைக் காணலாம். ஆனால் விமானங்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டில் பறப்பதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான்காற்றின் உந்துதலைப் பெறுவதற்காக, தூரம் கூடினாலும் பசிபிக்கின் மேலாகவே செல்கின்றன. எனவே தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்துக் கிடைக்கும் பதினேழு மணி நேரம் வெறும் தோராயமே.

பலரைக் குழப்புவது கடிகாரம்தான். கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்குப் பன்னிரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்று மணி நேரமும் பின்தங்கியிருக்கும். ஆகவே கோடையில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டுப் பதினெட்டரை மணி நேரம் பறப்பவர், அதே தேதியில் காலை 6.30 மணிக்கு நியூயார்க்கில் இறங்குவார். பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதால், அவற்றை நேரடியாகக் கழித்துப் பயண நேரத்தைக் கணக்கிடக் கூடாது.