மணிச் சத்தத்தில் மயங்கினால் வெறும் பயம்தானா?

கேள்வி: என் மகள் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் தங்கி பிளஸ் டூ படிக்கிறாள். இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். ஒருமுறை விடியற்காலை எழுப்பும் மணி அடித்தபோது, இன்னொருமுறை டெஸ்ட் மார்க்கை வாசித்தபோது. டென்ஷன்தான் என்கிறார்கள். என் கொழுந்தனார் 17 வயதில், நன்றாக நீச்சல் தெரிந்தும், தோட்டத்துக் கிணற்றில் இறந்துபோனார். முனி அடித்துவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நீட் படிப்பை நிறுத்திவிடலாமா? - வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: படிப்பு இருக்கட்டும், முதலில் ஒரு ஈசிஜி எடுங்கள். மகளுக்கு மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்காரருக்கும்.

நீந்தத் தெரிந்த பையன் கிணற்றில் போனது, பெண் மணிச் சத்தத்தில் விழுவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 'லாங் க்யூடி' என்னும் பரம்பரைக் கோளாறு. இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்சாரத்தைச் சீராக்கிக்கொண்டுதான் அடுத்த துடிப்புக்குப் போகும். இவர்களுக்கு அந்த வேலை தாமதமாகிறது. அந்த நேரம் பார்த்து, பயத்திலோ ஓட்டத்திலோ அட்ரினலின் சுரந்தால் துடிப்பு தாறுமாறாகி, மூளைக்கு ரத்தம் போகாமல் ஆள் விழுந்துவிடுவார். பெரும்பாலும் தானே சரியாகி எழுந்துவிடுவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கைகால் வெட்டினால் வலிப்பு என்று நினைத்து, வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டவர்களும் உண்டு.

இதன் முதல் வகையில் ஓட்டமும் நீச்சலும் ஆபத்து. இரண்டாம் வகையில் அலாரம், போன் மணி, திடீர் அதிர்ச்சி. ஒரே வீட்டில் பொதுவாக ஒரே வகைதான் ஓடும் என்பதால், உங்கள் வீட்டில் எது, இருக்கிறதா இல்லையா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும். மன அழுத்தம் இந்த நோயை உண்டாக்காது. இருக்கிற நோயைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான்.

பிரேயரில் வெய்யிலில் நின்று, வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு விழுவது சாதாரண மயக்கம். முன்னறிவிப்பே இல்லாமல், ஓடும்போதோ திடுக்கிடும்போதோ விழுந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வீட்டுக்காரரை ஏன் சேர்த்தேன் என்றால், இறந்தவர் அவருடைய தம்பி. மரபணு அவரிடமும் இருக்கலாம், ஒரு தொந்தரவும் இல்லாமலே. அவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஈசிஜி கோபியிலேயே எடுக்கலாம். ஆனால் அது நார்மல் என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள். சிபிவிடி என்று இன்னொரு பரம்பரைக் கோளாறு, படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜியில் தெரியாது. டிரெட்மில்லில் ஓடவிட்டால்தான் தெரியும். கோவையில் இதயத் துடிப்புக் கோளாறு பார்க்கும் டாக்டரிடம் போய், கொழுந்தனார் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நோய் உறுதியானால் பெரும்பாலும் நடோலால், புரோப்ரனலால் போன்ற, அட்ரினலின் இதயத்தைத் தூண்டாமல் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைதான். ஒருவேளை கூடத் தவறக்கூடாது; ஹாஸ்டல் பிள்ளைகள் மறப்பது இங்கேதான். சளிக்கு அசித்ரோமைசின், வாந்திக்கு டோம்பெரிடோன் என்று மெடிக்கலில் நீங்களாக வாங்கித் தரவும் கூடாது. சில மாத்திரைகள் க்யூடியை, அதாவது இதயம் மின்சாரத்தைச் சீராக்க எடுக்கும் நேரத்தை, இன்னும் நீட்டிவிடும்.

நீட்டை நிறுத்தச் சொல்ல மாட்டேன். டாக்டர் பார்க்கும்வரை வாய்க்கால், கிணறு, ஓட்டப்பந்தயம் வேண்டாம். அவள் கட்டிலைக் காலை மணிக்குப் பக்கத்தில் போடாமல், தோழியைத் தொட்டு எழுப்பச் சொல்லுங்கள். மறுபடி விழுந்து, மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காமல், நெஞ்சை அழுத்த ஆரம்பித்து 108-ஐ அழைக்க வேண்டும். இதை வார்டனிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.