கேளுங்க, சொல்றேன்: அப்புச்சி கையில் காசு

கேள்வி: என் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) 76 வயது. மூலனூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு, பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு, அவ்வளவுதான் பண்ணையம். விளைகிற சோளமும் கொள்ளும் வீட்டுக்கும் ஆட்டுக்குமே சரியாகிவிடும், விற்க மிஞ்சாது. வெளியிலிருந்து வருகிற காசு, நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு கணக்கில் போடுகிற கிசான் பணம் மட்டும்தான். "வயசான காலத்துல இவருக்கு எதுக்குக் காசு? கார்டை எங்கிட்டக் குடுத்தா வேணுங்கிறதை வாங்கிப் போட்டுட்டுப் போறேன்" என்கிறார் மாமா. நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாதம் ஆயிரம் ரூபாய் அவருக்கு ஒதுக்க முடியும். பணமாக அனுப்புவதா, மளிகையாக வாங்கிப் போடுவதா?
வாசகி, திருப்பூர்

பதில்: பணமாகவே அனுப்பு கண்ணு. அவர் கணக்குக்கே அனுப்பு. கார்டும் அவருடைய பச்சை பெல்ட்டுப் பையிலேயே இருக்கட்டும்.

மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து தலை நரைத்தவள் நான். மகன் கைக்குக் கார்டு போனபின் பெரியவர்கள் எப்படி வருவார்கள் தெரியுமா? "கணக்குல எவ்வளவு இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, பையனுக்குத் தெரிய வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். தன் காசைப் பற்றிக் கேட்கத் தானே பயப்படுகிற நிலைமை.

தாராபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எப்போது இரண்டாயிரம் எடுத்தாலும் நூறு நூறாகத்தான் கேட்பார். ஐநூறு நோட்டைக் கொடுத்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் திருப்பித் தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, "ஐநூறை நீட்டுனாக் கடைக்காரன் பழைய பாக்கியைக் கழிச்சுக்கிட்டுத்தானுங்க மிச்சம் தருவான். நூறுன்னாக் கேட்ட சாமானம் கைக்கு வரும்" என்றார். அங்கேயே நின்று எண்ணுவார். பருத்திக்கொட்டைக்கு ஒரு கட்டு, மருந்துக்கடைக்கு ஒரு கட்டு, பேத்திக்கு ஒரே ஒரு நோட்டு தனியாக. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், அவர் கண்டுகொள்ளமாட்டார்.

மளிகையாக வாங்கிப் போட்டால் இந்தக் கணக்குக்கே இடமில்லை. அரிசி ரேஷனில் இலவசமாக வருகிறது, நீ வாங்கிப் போடுவது அதன்மேல் இன்னொரு மூட்டை. அந்த மாதம் அவருக்கு வேண்டியது ஆட்டுக்குக் குடற்புழு மருந்தாக இருக்கலாம், மூக்குக் கண்ணாடியாக இருக்கலாம், மொய்ப்பணமாக இருக்கலாம். மொய் எழுதக் காசில்லாமல், உடம்புக்குச் சுகமில்லை என்று சொல்லிக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிடுகிற பெரியவர்கள் நம் பக்கம் நிறைய. வெளியில் சொல்லமாட்டார்கள்.

அப்புறம், எப்போது அனுப்புகிறாய் என்பதையும் பார். மானாவாரிச் சோளத்துக்கு உழவுக் கூலி தேவைப்படுவது புரட்டாசியில். அந்த மாதம்தான் பாதி ஊர் கறி தின்னாது, ஆட்டு விலை படுத்துக் கிடக்கும். கையில் காசில்லாதவர் டிராக்டர் வாடகைக்காகக் கிடாயைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போவார். அவசரத்தில் வந்த ஆள் என்பது வியாபாரிக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதே கிடாய் தீபாவளிக்கு முந்தின சந்தையில் என்ன விலை போகும் என்று அப்புச்சியையே கேள், சொல்வார்.

கிசான் பணம் வருஷத்துக்கு 6,000, நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000. 2024-ல் அக்டோபர் 5-ம் தேதி வந்தது, சரியாகப் புரட்டாசி. 2025-ல் ஆகஸ்ட் 2-ல் ஒரு தவணை, அடுத்தது நவம்பர் 19-ல், பிரதமர் கோவைக்கு வந்திருந்தபோது விடுவித்தார்கள். தீபாவளியோ அக்டோபர் 20-லேயே போய்விட்டது. தொகை அதேதான். முதல் வருஷம் கிடாய் பட்டியில் தங்கியிருக்கும். அடுத்த வருஷம் ஆடி மாதத்துப் பணத்தைத் தொடாமல் முடிந்துவைத்திருந்தால்தான் உண்டு.

அதனால் உன் ஆயிரத்தை மாதாமாதம் முழுசாகப் போடாதே. ஐநூறு மட்டும் போடு. மிச்சத்தை நீ சேர்த்துவைத்து, ஆவணி கடைசியில் மொத்தமாக ஆறாயிரமாகப் போட்டுவிடு. போடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள், காட்டு வேலை அவருக்குத்தானே தெரியும். மாமாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். கணக்குக்கு நாமினி எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவரச் சொல், அவருக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

கேள்வி: சும்மா உட்கார்ந்த இடத்தில் காசு கொடுத்தால் மனுசன் சோம்பேறி ஆகமாட்டானா? பணம் ஏறிய அன்றைக்கு எங்கள் ஊர் டாஸ்மாக்கில் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே!
வாசகர், உடுமலை

பதில்: டாஸ்மாக்கில் கூட்டம் இல்லாத நாள் எது என்று முதலில் சொல்லுங்கள்.

இந்தச் சந்தேகம் எல்லா நாட்டிலும் உண்டு. கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் செல்போன் வழியாகப் பணம் போட்டது. அதை ஆராய்ந்து ஹவுஸ்ஹோஃபர், ஷாபிரோ என்ற இருவர் 2016-ல் கட்டுரை வெளியிட்டார்கள். சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. சாப்பாட்டுச் செலவு கூடியது, ஆடு மாடு கூடியது, கூரை வேய்ந்த வீடுகளுக்குத் தகரம் ஏறியது. 2017-ல் எவன்ஸ், போபோவா இருவரும் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் குடி கூடியதாகத் தெரியவில்லை. குடிக்கிறவன் காசு வந்தாலும் குடிப்பான், வராவிட்டால் கடன் வாங்கிக் குடிப்பான்.

அதே நாட்டில் சில கிராமங்களுக்கு 12 வருஷம் மாதாமாதம் பணம் என்று ஆரம்பித்தார்கள். அங்கே மக்கள் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது: சீட்டுச் சேர்ந்தார்கள்! சிறுகச் சிறுக வருவதை மொத்தக் காசாக்கித் தொழிலில் போட. உதவித்தொகை வாங்குகிற நம்மூர்ப் பாட்டிகள் இதைத்தான் யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த அமைப்பு பல கிராமங்களில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது சுமார் ஆயிரம் டாலர். நம் இரண்டாயிரத்தில் தகரம் ஏறாது, தவிட்டு மூட்டைதான் வரும்.

சோம்பேறித்தனத்துக்கு வருகிறேன். 76 வயதில் வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறவர், வந்த காசில் கூலிக்கு ஆள் வைத்துக் கிளுவை வேலி அடைத்துவிட்டு வேப்ப மரத்தடியில் ஒரு மத்தியானம் படுத்தால் உங்களுக்கும் எனக்கும் என்ன நஷ்டம்?

கேள்வி: எனக்கு 68 வயது. பூர்வீகக் காடு இன்னும் அப்பா பேரிலேயே இருக்கிறது, அவர் காலமாகிவிட்டார். பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கும் ஓட்டுகிறேன். எனக்குக் கிசான் பணம் வருமா?
வாசகர், வெள்ளகோவில்

பதில்: குத்தகைக் காட்டுக்கு வராதுங்க. நிலம் யார் பேரிலோ அவருக்குத்தான் பணம். வியர்வை ஒருத்தருடையது, வரவு இன்னொருத்தருடையது. எனக்கும் இதில் எரிச்சல்தான், ஆனால் விதி அப்படி.

அப்பா நிலத்துக்கு வழி இருக்கிறது. 1.2.2019-க்குப் பிறகு பேர் மாறிய நிலத்துக்குப் பணம் கிடையாது என்றாலும், வாரிசாக வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள், பட்டாவை மாற்றுங்கள், பிறகு வேளாண்மை விரிவாக்க மையத்தில் மனு. கூடப் பிறந்தவர்கள் இருந்தால் நோம்பிக்கு வரும்போது உட்கார்ந்து பேசிவிடுங்கள், பட்டா வேலை பாதி நிற்பது அங்கேதான்.

முதியோர் உதவித்தொகைக்கும் எழுதிப் போடலாம். 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200. ஆனால் அது ஆதரவற்றவர்களுக்கானது. காடும், சம்பாதிக்கிற மகனும் இருந்தால் தாலுகா ஆபீசில் தள்ளிவிடுவார்கள், எதிர்பார்த்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: எங்கள் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) கைரேகை விழவே மாட்டேன் என்கிறது. பணம் எடுத்துத் தருகிற ஏஜென்ட் "அடுத்த வாரம் வாங்க" என்றே அனுப்புகிறார்.
வாசகர், பெருந்துறை

பதில்: களைக்கொத்து பிடித்துத் தேய்ந்த கட்டைவிரல், எப்படி விழும்? கையை ஈரத்துணியில் துடைத்து மோதிர விரலை வைக்கச் சொல்லுங்கள், பத்தில் எது விழுந்தாலும் சரிதான். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கிசான் பணத்துக்கான கே.ஒய்.சி.க்கு, அதாவது ஆள் அடையாளம் சரிபார்க்க என்றால் ரேகையே வேண்டாம், 2023-லிருந்து செயலியில் முகத்தைக் காட்டினால் போதும்.

அதுவும் ஆகவில்லை என்றால் பாஸ்புக்கோடு கிளைக்கே கூட்டிப் போங்கள். பணம் எடுக்கிற சீட்டில் சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கிக் கொடுப்பார்கள். ஏஜென்டிடம் எடுத்தால் ரசீது கேளுங்கள். "பேப்பர் ரோல் தீர்ந்துபோச்சு" என்று சொன்னால், பாஸ்புக்கில் பதிவு போட்டு, எடுத்த தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றுதானா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.