12,000 ரூபாய்க்கு முதல் ஸ்டீரியோ: இரண்டு ஸ்பீக்கர் பெட்டி போதும்

வணக்கம். தர்மபுரியில் 10-க்கு 12 அடி அறை, 12,000 ரூபாய், பாட்டும் டிவியும்தான் கேட்பேன், கடைக்காரர் ஆறு பெட்டி கொண்ட 5.1 செட் எடுக்கச் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள்.

5.1 வேண்டாம். பாட்டு பெரும்பாலும் இடது, வலது என்று இரண்டு சேனலில்தான் வருகிறது. அதே பணத்தை ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டால் எல்லாமே சுமாராகத்தான் இருக்கும்.

ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஜோடி எடுங்கள். எடிஃபையர் ஆர்1280டிபி மாதிரி: 4 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய கூம்பு), ஜோடிக்கு 42 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி), போனுக்கு ப்ளூடூத், டிவிக்கு ஆப்டிகல் கேபிள் இணைப்பு. உங்கள் அறைக்கு இது தாராளம். அட்டையில் பிஎம்பிஓ (விளம்பரத்துக்கான உச்சக் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் வாட் போட்டிருந்தால் நம்பாதீர்கள், ஆர்எம்எஸ்ஸைப் பாருங்கள்.

பழையது வாங்குவதானால் முன்வலையைக் கழற்றிப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் நான் பார்க்காமல் வாங்கி வந்தேன். வீட்டில் விரல் பட்டதும் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் நமத்த அப்பளமாகப் பிய்ந்து வந்தது.

அப்புறம், ஷோகேஸுக்குள் திணிக்காதீர்கள், தாழ்ந்த ஒலி (பாஸ்) குமுறும். சுவரை விட்டு முக்கால் அடி முன்னால், ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். இரண்டு பெட்டிக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, நீங்களும் ஏறக்குறைய அவ்வளவு தள்ளி உட்காருங்கள்.