வந்து பார் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் சோவியத் இயக்குநர் எலெம் க்ளிமோவின் ‘வந்து பார்’ (Come and See) படத்தைப் பார்த்தேன். நள்ளிரவில், தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு. மனைவியும் எட்டு மாதக் குழந்தையும் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதற்குப்பின் மூன்று இரவுகளாகத் தூக்கம் இல்லை.

நான் நிறையப் போர்ப்படங்கள் பார்ப்பவன். பார்த்து அழுதிருக்கிறேன், மறுநாள் நண்பர்களிடம் உற்சாகமாகப் பேசியும் இருக்கிறேன். இந்தப் படத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நாஜிகள் ஊர்க்காரர்களை மரக்கொட்டகையில் அடைத்துக் கொளுத்தும்போது என் பற்கள் கிட்டித்துப்போயிருந்தன. கடைசியில் அந்தப் பையன் கீழே கிடக்கும் ஹிட்லரின் படத்தைச் சுடுகிறான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் காலம் பின்னால் ஓடுகிறது. இடிந்த கட்டடங்கள் எழுகின்றன, குண்டுகள் விமானத்துக்கே திரும்புகின்றன, ஹிட்லரின் வயது குறைந்துகொண்டே போகிறது. நான் ‘சுடு, சுடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டே. பிறகு தாயின் மடியில் இருக்கும் ஒரு கைக்குழந்தையின் புகைப்படம் வந்தது. அப்போதும் ‘சுடு’ என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன். அடுத்த அறையில் என் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

இப்போது குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் கை கூசுகிறது. மனைவியிடம் சொல்ல முடியவில்லை. நண்பன் ஒருவனிடம் சொன்னேன். ‘வெறும் படம்டா, விடு’ என்றான். ஒரு சினிமா மனிதனை இப்படிச் செய்யலாமா? இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவன் சுடவில்லை.

நீங்கள் மூடிவைத்த இடத்திற்குப் பிறகும் படம் சில நிமிடங்கள் இருக்கிறது. அந்தக் குழந்தையின் படத்துக்கு முன்னால் அந்தப் பையன் ஃப்ளியோரா துப்பாக்கியை நீட்டியபடி நிற்கிறான். முகம் துடிக்கிறது, கண் நிறைகிறது. விசையை அழுத்த அவனால் முடியவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இதுதான். மூன்று நாட்களாக அவன் சுட்டுவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சரியாகச் சொன்னால், நீங்கள் சுட்டுவிட்டதாக.

நான் இந்தப் படத்தை முழுதாகப் பார்த்தது ஒரே ஒருமுறை. இரண்டாம் முறை கொட்டகைக் காட்சி வந்ததும் எழுந்து போய்விட்டேன். ஆகவே துணிச்சல்காரனாக உங்களுக்குப் பதில் எழுதவில்லை.

உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் இந்தப் படத்தை ‘வெறும் படம்’ என்று தள்ளிவைக்க முடியாது. திரைக்கதையில் க்ளிமோவுடன் சேர்ந்து உழைத்த அலேஸ் ஆதமோவிச், பதின்வயதிலேயே பெலாருஸ் காடுகளில் கெரில்லாப் படையில் இருந்தவர். பிறகு வேறு இரு எழுத்தாளர்களோடு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு, எரிக்கப்பட்ட ஊர்களில் தப்பிப் பிழைத்தவர்களைத் தேடித்தேடிப் பேசவைத்தார். அது 1975இல் நூலாக வந்தது. நீங்கள் பார்த்த கொட்டகை அந்தக் குரல்களிலிருந்து வந்தது. ஹத்தின் என்ற ஊரில் 1943 மார்ச் 22 அன்று 149 பேரைக் கொட்டகையில் அடைத்துக் கொன்றார்கள். அவர்களில் 75 பேர் குழந்தைகள். அப்படி மக்களோடு சேர்த்து எரிக்கப்பட்ட பெலாருஸ் கிராமங்கள் 628 என்று படத்தின் முடிவில் ஒரு வரி வருகிறது. நீங்கள் அதற்கு முன்பே மூடிவிட்டீர்கள்.

க்ளிமோவும் வெளியாள் அல்ல. ஸ்டாலின்கிராடில் பிறந்தவர். நகரம் பற்றி எரிந்தபோது தாயுடனும் கைக்குழந்தையான தம்பியுடனும் வோல்காவைக் கடந்து தப்பிய சிறுவன். 1977இல் தொடங்கவிருந்த இந்தப் படத்தை அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள். வெளிவர 1985 ஆயிற்று. அதற்குப் பிறகு 2003இல் இறக்கும்வரை அவர் இன்னொரு படம் எடுக்கவில்லை.

இனி உங்கள் ‘சுடு’வுக்கு வருகிறேன்.

போர்ப்படங்களில் பெரும்பாலானவை நம்முடன் ஓர் எளிய உடன்படிக்கை செய்துகொள்கின்றன. கொஞ்சம் பதற வைக்கும், கொஞ்சம் அழ வைக்கும், அழுததற்கான நிம்மதியோடு வீட்டுக்கு அனுப்பும். போர் கூடாது என்று சொல்ல வந்த படங்களும் இதற்கு விலக்கல்ல. கேமராவுக்கு வெடிப்பு பிடிக்கும். நமக்கும் பிடிக்கும். இது சினிமா வந்தபின் ஏற்பட்ட கோளாறு என்று நினைக்கவேண்டாம். ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனுக்குத்தான் பரணி என்னும் போர்ப்பாடல் என்று இலக்கணம் வகுத்த மொழி நம்முடையது. களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சும் பகுதியை மாணவனாக இருந்தபோது கொண்டாடிப் படித்திருக்கிறேன், அந்தக் கூழ் எதில் காய்ச்சப்படுகிறது என்று ஒரு கணம்கூட யோசிக்காமல். அந்தச் சந்தம் இன்றும் என்னை இழுக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

க்ளிமோவ் அந்த உடன்படிக்கைக்கு வரவில்லை. யோசித்துப் பாருங்கள், இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் போர்ப்படத்தில் போர் எங்கே இருக்கிறது? இரு படைகள் மோதும் காட்சி என்று நினைவில் நிற்க ஒன்றுமில்லை. மண்ணைத் தோண்டி எடுத்த துப்பாக்கியைப் படம் முழுக்கச் சுமந்து திரியும் ஃப்ளியோரா அதைக் கொண்டு ஒருவரையும் சுடுவதில்லை. அவனுக்கு நடப்பதெல்லாம் நமக்கும் நடக்கிறது. குண்டு விழுந்து அவன் காது அடைத்தால் நம் காதிலும் அதே ரீங்காரம். ஹெட்போனில் கேட்ட உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மனிதர்கள் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள், அதாவது உங்களை. அழுது தீர்க்கவும் இடமில்லை, அடித்துத் தீர்க்கவும் இடமில்லை. உள்ளே ஏறிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்டவனின் துப்பாக்கி முதன்முறையாக வெடிக்கும்போது எந்தப் பார்வையாளன் ‘சுடு’ என்று சொல்லாமல் இருப்பான்? நானும் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் அதற்குச் சற்று முன் ஒரு காட்சி வந்ததே, நினைவிருக்கிறதா? கெரில்லாக்களிடம் பிடிபட்டு நிற்கும் நாஜி அதிகாரிகளில் ஒருவன் கெஞ்சவில்லை. கொட்டகையில் அடைத்தபோது, குழந்தைகளை விட்டுவிட்டு வருகிறவர்கள் வெளியே வரலாம் என்று ஆணையிட்டவன் அவன். ஏன் என்று அவனே சொல்கிறான். எல்லாம் குழந்தைகளிடமிருந்துதான் தொடங்குகிறதாம். சில இனங்களுக்கு எதிர்காலம் இருக்கக்கூடாதாம். குரலில் தடுமாற்றமே இல்லை. ஏதோ கணக்கு ஒப்பிப்பவனைப்போல.

ஃப்ளியோரா அதைக் கேட்டவன். நீங்களும் கேட்டீர்கள். பிறகு ஹிட்லரின் வயது குறைந்து குறைந்து மடியில் ஒரு குழந்தையாக ஆகும்போது நாம் போடுவது அதே கணக்கை. எல்லாம் இங்கிருந்துதானே தொடங்கியது, இங்கேயே முடித்துவிட்டால்? அசுவத்தாமன் போட்டதும் இந்தக் கணக்குதான். தூங்கும் பிள்ளைகளைக் கொன்றது போதாமல், கடைசியில் உத்தரையின் கருவை நோக்கி அஸ்திரத்தை ஏவியவன். அவனுக்கும் கோபப்பட நியாயமான காரணம் இருந்தது. தந்தையைப் பொய் சொல்லிக் கொன்றிருந்தார்கள்.

படத்துக்கு க்ளிமோவ் முதலில் வைத்திருந்த பெயர் ‘ஹிட்லரைக் கொல்’. அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. உள்ளே இருக்கும் ஹிட்லரைத்தான் சொன்னேன் என்று அவர் விளக்கிப் பார்த்தும் பயனில்லை. பிறகுதான் விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து, முத்திரைகள் உடைபடும்போது ஒலிக்கும் ‘வந்து பார்’ என்ற அழைப்பை எடுத்துத் தலைப்பாக வைத்தார். பழைய பெயரைவிட இது நல்ல பெயர் என்பது என் எண்ணம். முதல் பெயரில் ஓர் உபதேசம் இருந்தது.

‘நான் கெட்டவனா’ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. கொட்டகைக்குத் தீ வைத்தவனுக்கும் நாற்காலியில் இருந்தபடி ஒரு புகைப்படத்தைப் பார்த்து ‘சுடு’ என்றவனுக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. உங்களுக்கு உறைத்தது, அவனுக்கு உறைக்கவில்லை. இதற்குமேல் உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. தேற்றினால் உங்கள் நண்பர் சொன்னதையே கொஞ்சம் நல்ல தமிழில் சொன்னதாக ஆகும். கை கூசுவது போகும். எட்டு மாதக் குழந்தை உங்களை வெகுநாள் கூச விடாது.

எல்லோரும் பார்க்கவேண்டுமா என்றால், இல்லை. இதைப் பார்த்தே தீரவேண்டும் என்று வற்புறுத்தும் சினிமா ஆர்வலர்கள் எனக்குச் சலிப்பூட்டுகிறார்கள். போரை நேரில் கண்டவர்களுக்கு இது கலை அனுபவமாக இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 1998இல், இரண்டாம் உலகப்போரின் நார்மண்டிக் கரையிறக்கத்தைக் காட்டும் அமெரிக்கப் படம் வெளியானபோது, அதைப் பார்த்துக் கலங்கும் முன்னாள் படைவீரர்களுக்காக அந்த நாட்டு அரசு தொலைபேசி உதவிக்கு ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆறாதது அரைமணி நேரக் காட்சியில் திறந்துகொள்கிறது. நீங்கள் போரைக் காணாதவர். உங்களுக்குத் திறந்தது வேறொன்று. ஆனாலும் நள்ளிரவில் தனியாக ஹெட்போனில் பார்த்தது முட்டாள்தனம். சொல்லாமல் விட முடியவில்லை.

மனைவியிடம் சொல்லுங்கள். கதையைச் சொல்லவேண்டாம், கதையைச் சொல்லத் தொடங்கினால் அதற்குள் ஒளிந்துகொள்வீர்கள். ‘சுடு’ என்று சொன்னதையும், அப்போது பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்ததையும் மட்டும் சொல்லுங்கள். பிறகு ஒரு பகல் நேரத்தில், மூடிவைத்த இடத்திலிருந்து படத்தைத் திறங்கள். சில நிமிடங்கள்தான். பையன் துப்பாக்கியோடு ஓடிப்போய், நடந்துகொண்டிருக்கும் வரிசையில் சேர்ந்துகொள்கிறான். மோட்சார்ட் ஒலிக்கிறது. கேமரா அவர்களை விட்டு விலகி மரங்களுக்கிடையே தனியாகப் போகிறது.

குழந்தை விழித்திருந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் அது பார்க்கக்கூடாதது எதுவும் இல்லை.