ஆல்டர் பாதியில் நின்றால்

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் மைஎஸ்க்யூஎல் 5.7 டேட்டாபேஸ் ஓடுகிறது. ஆர்டர் டேபிளில் ஒரு ஃபீல்டு சேர்க்க ஆல்டர் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) கொடுத்தேன். நடுவில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டது. சர்வரை மறுபடி ஏற்றியதும் டேட்டா சரியாகவே இருக்கிறது. ஆனால் டேட்டா ஃபோல்டரில் ‘#எஸ்க்யூஎல்-ஐபி’ என்று தொடங்கும் 18 ஜிபி ஃபைல் ஒன்று கிடக்கிறது. டேபிள்களைப் பட்டியலிடும் ஷோ டேபிள்ஸில் அது வரவில்லை. அழித்துவிடலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளை பக்கமே போகாதீர்கள். நான் போய்ப் பட்டவன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு ஃபைலை அழித்துவிட்டு, டிஸ்க்கில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனேன். அப்புறம் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் ‘ஃபைலைக் காணோம்’ என்று எரர் லாக் புலம்பியது. ஆள் போன பிறகும் ரேஷன் கார்டில் பேர் நிற்குமே, அந்தக் கதைதான். மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, டேபிள்களுக்கான தன் சொந்தப் பதிவேட்டை ஐபிடேட்டா1 ஃபைலுக்குள் வைத்திருக்கிறது. ஃபைலை அழித்தால் அங்கே பெயர் அழியாது.

உங்கள் ஆல்டர் பக்கத்திலேயே ஒரு புது நகல் கட்டிக்கொண்டிருந்தது. பெயரை மாற்றிக்கொள்வது கடைசி வேலை. அதற்குள் கரண்ட் போனதால் பழைய டேபிள் தப்பியது, நகல் அநாதையாகிவிட்டது.

முதலில் பேக்கப். அடுத்து, இப்போது ஓடும் வேலைகளைக் காட்டும் ஷோ ப்ராசஸ்லிஸ்ட் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆல்டருக்கும் இதே மாதிரிப் பெயரில்தான் ஃபைல் இருக்கும். சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களைக் காட்டும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவின் இன்னோடிபி_சிஸ்_டேபிள்ஸில் அநாதையின் முழுப் பெயர் கிடைக்கும். 18 ஜிபி ஃபைல் கிடக்கும் ஃபோல்டரிலேயே ‘#எஸ்க்யூஎல்-’ என்று தொடங்கி வேறு எண்ணோடு, டேபிளின் அமைப்பைச் சொல்லும் எஃப்ஆர்எம் ஃபைல் ஒன்று இருக்கும். அதன் பெயரை அந்த 18 ஜிபி ஐபிடி ஃபைலின் பெயருக்கே மாற்றுங்கள்; எஃப்ஆர்எம் என்ற வால் மட்டும் அப்படியே இருக்கட்டும். எஃப்ஆர்எம் இல்லையென்றால், அநாதையில் உள்ள அதே ஃபீல்டுகள், இன்டெக்ஸ்களோடு வேறு இடத்தில் ஒரு காலி டேபிள் உருவாக்கி, அதன் எஃப்ஆர்எம்மை அநாதையின் பெயரில் இந்த ஃபோல்டருக்கு நகலெடுத்து வையுங்கள்.

பிறகு, டேபிளை நீக்கும் ட்ராப் டேபிள். பெயருக்கு முன்னால் ‘#மைஎஸ்க்யூஎல்50#’ சேர்த்து, மொத்தத்தையும் பேக்டிக் (`) குறிகளுக்குள் போட வேண்டும். இது இல்லாவிட்டால் சர்வர் # குறியை @0023 என்று மாற்றிக்கொண்டு, ‘அப்படி ஒரு டேபிளே இல்லை’ என்று சாதிக்கும். எனக்கு ஒரு ராத்திரி போனது இதில்தான்.

மைஎஸ்க்யூஎல் 8.0-இல் எஃப்ஆர்எம்மே கிடையாது. பாதியில் நின்ற ஆல்டரைச் சர்வரே ஏறும்போது துடைத்துவிடும். 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்தது, முதலாளியிடம் சொல்லிப் பாருங்கள்.

ஆல்டரை மறுபடி ஓட்டும்போது நகலுக்கு இன்னொரு 18 ஜிபியாவது வேண்டும். காலி இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் பேட்டரியையும்.