ஜப்பானின் போரும் எண்ணெயும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பசிபிக் போரைப் பற்றி அண்மையில் நண்பர் ஒருவருடன் விவாதித்துக்கொண்டிருந்தேன். 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியபின் ஜப்பானுக்குப் போரைத் தவிர வேறு வழி இருக்கவில்லை, ஆகவே போரை உண்மையில் தொடங்கியது அமெரிக்காவே என்றார் அவர். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ஏற்கவும் மனம் வரவில்லை. தன்னைவிடப் பலமடங்கு வலிமையான ஒரு நாட்டை ஜப்பான் ஏன் தாக்கியது? எண்ணெய்தான் தேவை என்றால் இந்தோனேசியாவை மட்டும் பிடித்திருக்கலாமே?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

உங்கள் நண்பர் சொல்லும் தகவல் சரியானது. அதிலிருந்து அவர் சென்று சேரும் முடிவுதான் பிழையானது. ஜப்பான் தனக்குத் தேவையான எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவிடமிருந்தே வாங்கிவந்தது. அது நின்றபோது கையிருப்பு இரண்டாண்டுகளுக்குப் போதும் என்றும், போர் மூண்டால் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும் என்றும் கப்பற்படை கணக்கிட்டது. போர் ஏன் 1941 டிசம்பரில் வெடித்தது என்பதற்கு இது விடை. ஆனால் போர் ஏன் வந்தது என்று கேட்டால், அதற்கான விடை சீனாவில் இருக்கிறது.

1931 செப்டம்பரில், சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவில், முக்டென் நகருக்கு அருகே தங்களுடைய ரயில்பாதையில் தாங்களே குண்டு வைத்துவிட்டு, பழியைச் சீனர்கள்மேல் போட்டு, டோக்கியோவின் அனுமதிக்குக்கூடக் காத்திராமல் மஞ்சூரியாவைப் பிடித்தவர்கள் ஜப்பானியத் தரைப்படை அதிகாரிகள். அவர்களைத் தண்டிக்க அன்றைய அரசுக்குத் துணிவில்லை. 1937 ஜூலையில் பெய்ஜிங்கை அடுத்த மார்க்கோ போலோ பாலத்தருகே நடந்த சிறு மோதல் முழுப்போராகப் பரவியது. அவ்வாண்டின் இறுதியில் சீனத் தலைநகர் நாஞ்சிங் வீழ்ந்து, அங்கே பெரும் படுகொலை நிகழ்ந்தபின்னும் சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக் பணியவில்லை. அரசை உள்நாட்டுக்கு நகர்த்தி, இறுதியில் சோங்கிங் மலைநகரிலிருந்து போரைத் தொடர்ந்தார். ஜப்பானால் வெல்லவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. அந்தப் போரை நடத்தத் தேவையான எண்ணெயையும் பழைய இரும்பையும் அதற்கு விற்றுக்கொண்டிருந்தது அமெரிக்காவே என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

அமெரிக்கா அந்த விற்பனையைப் படிப்படியாகவே குறைத்தது. 1939 ஜூலையில் வணிக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. 1940 செப்டம்பரில் ஜப்பான், பிரெஞ்சுக் குடியேற்றமான இந்தோசீனாவின் வடபகுதிக்குள் (இன்றைய வட வியட்நாம்) நுழைந்து, ஜெர்மனியுடனும் இத்தாலியுடனும் கூட்டணி ஒப்பந்தம் செய்துகொண்டபோது பழைய இரும்பை நிறுத்தியது. அந்தக் கூட்டணிதான் ஆசியாவின் போரை ஐரோப்பாவின் போருடன் பிணைத்தது என்று நான் எண்ணுகிறேன். பிரிட்டனின் ஆட்சியிலிருந்த மலேயாவின் ரப்பரும் வெள்ளீயமும் பறிபோனால் ஹிட்லருக்கு எதிராகத் தனித்து நிற்கும் பிரிட்டன் தளர்ந்துவிடும் என்பது வாஷிங்டனின் கவலையாகியது. 1941 ஜூலை இறுதியில் ஜப்பானியப் படைகள் தென் இந்தோசீனாவுக்குள் சென்றன. அங்குள்ள விமானத்தளங்களிலிருந்து மலேயா எட்டிவிடும் தொலைவு. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தம் நாட்டிலிருந்த ஜப்பானின் சொத்துக்களை முடக்கினார். எண்ணெயை முற்றாக நிறுத்துவது அவருடைய தொடக்கத் திட்டமாக இருக்கவில்லை. ஆனால் வெளியுறவுத்துறையின் டீன் அச்சிசன் முதலிய அதிகாரிகள் எண்ணெய் வாங்குவதற்கான பணத்தை விடுவிக்காததால் நடைமுறையில் அது முழுத்தடையாகவே ஆயிற்று. பிரிட்டனும், இந்தோனேசியாவை அன்று ஆண்ட டச்சு அரசும் உடன் சேர்ந்துகொண்டன.

எனினும் எண்ணெய் மீண்டும் கிடைக்க ஒரு வழி திறந்தே இருந்தது. அது சீனாவிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வது. அந்த வழியை டோக்கியோ எப்படி மூடியது என்பதைத்தான் உங்கள் நண்பர் கூர்ந்து பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 5 அன்று பேரரசர் ஹிரோஹிட்டோ, தரைப்படைத் தலைமைத் தளபதி சுகியாமாவிடம், போர் எத்தனை காலம் நீடிக்கும் என்று கேட்டார். தென்கடல் பகுதியில், அதாவது தென்கிழக்காசியாவில், மூன்று மாதங்களில் முடியும் என்றார் சுகியாமா. 1937இல் போர் அமைச்சராக இருந்த நீங்கள் சீனப்போர் ஒரு மாதத்தில் முடியும் என்றீர்கள், நான்காண்டுகளாகியும் முடியவில்லையே என்றார் பேரரசர். சீனாவின் உள்நாடு பரந்தது என்று சுகியாமா சொல்ல, பசிபிக் அதைவிடப் பரந்ததல்லவா என்று பேரரசர் கேட்டதாகப் பிரதமர் கொனோயே பதிவுசெய்திருக்கிறார். மறுநாள் கூடிய பேரரசர் அவை, அக்டோபர் தொடக்கத்துக்குள் பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால் போருக்கு முடிவெடுப்பது என்ற தீர்மானத்தை ஏற்றது. பேரரசர் அதைத் தடுக்கவில்லை.

அக்டோபர் 12 அன்று கொனோயேயின் இல்லத்தில் அமைச்சர்கள் கூடினர். கப்பற்படையால் அமெரிக்காவை வெல்ல இயலாது என்பதைக் கப்பற்படை அமைச்சர் ஒய்காவா அறிந்திருந்தார்; ஆனால் அதை வாய்திறந்து சொல்லாமல் முடிவைப் பிரதமரிடமே விட்டுவிட்டார். பல ஆண்டுகளாக அமெரிக்காவை எதிரியாகக் காட்டி நிதி பெற்ற ஒரு படை, இப்போது போரிட இயலாது என்று சொன்னால் அதன் தகுதியே கேள்விக்குள்ளாகும். போர் அமைச்சர் தோஜோவோ படைவிலக்கத்தை அறவே மறுத்தார். விலகினால் சீனப்போரின் பலன் அழியும், மஞ்சூரியா ஆபத்துக்குள்ளாகும், கொரியாவின் பிடியும் தளரும் என்பது அவர் வாதம். சீனாவில் மாண்ட ஜப்பானிய வீரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அத்தனை உயிர்களும் வீண் என்று ஒப்புக்கொள்ள எவரும் முன்வரவில்லை. மாண்ட சீனர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வேதனை தருகிறது. நான்கு நாட்களில் கொனோயே பதவி விலக, தோஜோ பிரதமரானார்.

அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹல் சீனாவிலிருந்து முற்றாக விலகுமாறு கோரிய குறிப்பை அளித்தது வாஷிங்டனில் நவம்பர் 26. அக்குறிப்பு டோக்கியோவை அடையும் முன்பே ஜப்பானியக் கப்பற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஜப்பானுக்கு வடக்கேயுள்ள குரில் தீவுகளிலிருந்து ஹவாயை நோக்கிப் புறப்பட்டுவிட்டன. பேச்சுவார்த்தை வென்றால் திருப்பி அழைக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது உண்மைதான். ஆயினும் அந்தக் குறிப்புதான் போரை மூட்டியது என்பது பொருந்தாது.

இந்தோனேசியாவை மட்டும் பிடித்திருக்கலாமே என்கிறீர்கள். வரைபடத்தில் ஜப்பானுக்கும் சுமத்ராவின் பாலெம்பாங், போர்னியோ எண்ணெய்க்கிணறுகளுக்கும் நடுவே பிலிப்பைன்ஸ் கிடக்கிறது. அது அன்று அமெரிக்காவின் ஆட்சியில் இருந்தது. எண்ணெய்க்கப்பல்கள் செல்லும் வழியின் பக்கத்தில் எதிரியின் தளத்தை விட்டுவைக்கக் கப்பற்படை உடன்படவில்லை. மேலும் 1940 ஜூலையில் அமெரிக்கா தன் கப்பற்படையை ஏறத்தாழ 70 விழுக்காடு பெருக்கச் சட்டம் இயற்றியிருந்தது. அக்கப்பல்கள் கடலிறங்கும் முன் அடிக்கவேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொண்டது. ஹவாயின் பேர்ல் துறைமுகத்தின் மீதான தாக்குதல், தெற்கே நிலங்களைப் பிடித்து முடிக்கும்வரை அமெரிக்கக் கப்பற்படையை முடக்கிவைப்பதற்கானது. போரின் முதல் தரையிறக்கம் மலேயாவின் கோத்தா பாருவில், பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது. அந்த மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்; பின்னர் அவர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு அழைத்துச் சென்றதும் இதே படைதான்.