கூரைக்கு முன் புல்: உதைபந்தாட்டக் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி லண்டன் கழகங்களைப் பற்றியவை, மீதி வன்னி மைதானங்களைப் பற்றியவை. இரண்டையும் பிரிக்காமலே பதில் சொல்கிறோம். கழகம் வளரவேண்டும் என்ற ஆசைக்கும் கையிலுள்ள காசுக்கும் நடுவிலுள்ள கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

கேள்வி: புது ஸ்டேடியம் கட்டுகிற கழகங்கள் ஏன் நல்ல வீரர்களை வாங்காமல் விடுகின்றன? வாங்கக் காசில்லை என்றால் ஏன் கட்டவேண்டும்?
(முள்ளியவளை வாசகர்)

கட்டுவதற்குக் கடன் கிடைக்கும். அந்தக் கடனையும் வட்டியையும் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய காசு, வீரர்களின் சம்பளம் வருகிற அதே வருமானத்திலிருந்துதான் போகிறது. ஆர்சனல் 2006இல் 38,000 பேர் கொள்ளும் ஹைபரியை விட்டு 60,000 பேர் கொள்ளும் எமிரேட்ஸுக்குப் போனது. செலவு ஏறத்தாழ 390 மில்லியன் பவுண். அதன்பிறகு அதன் முன்னணி வீரர்களில் ஹென்றி 2007இலும், ஃபாப்ரிகாஸும் நஸ்ரியும் 2011இலும், வான் பெர்சி 2012இலும் வெளியேறினார்கள். 2005இல் எஃப்ஏ கிண்ணம் வென்ற கழகத்துக்கு அடுத்த பெரிய கிண்ணம் 2014இல்தான் வந்தது. டொட்டன்ஹாம் 2018 கோடைகாலப் பதிவுக் காலத்தில் (கழகங்கள் வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்படும் காலம்) ஒரு வீரரைக்கூட வாங்கவில்லை. 62,850 பேர் கொள்ளும் அவர்களுடைய புது அரங்கம் 2019 ஏப்ரலில் திறந்தது. அதே ஆண்டு ஜூனில் அணி சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் விளையாடியது. ஆள் வாங்காத ஆண்டு எல்லாம் அழிந்த ஆண்டு அல்ல. இருக்கிற அணி பழகிய அணியாக இருந்தால் ஒன்றிரண்டு பருவம் தாங்கும், அதற்குமேல் தாங்காது.

ஏன் கட்டுகிறார்கள் என்றால், வீரருக்குப் போட்ட காசு அவருடைய ஒப்பந்தத்தோடு முடிகிறது. அரங்கம் 40, 50 ஆண்டு உழைக்கும். டொட்டன்ஹாம் அரங்கத்தில் உதைபந்தாட்டம் இல்லாத நாளில் அமெரிக்க ஃபுட்போலும் இசை நிகழ்ச்சியும் நடக்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. மூன்று ஆண்டுகளில் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டப்படக்கூடாது என்று பிரீமியர் லீக் வைத்த விதியில், அரங்கக் கட்டுமானம், இளையோர் பயிற்சி, பெண்கள் அணி ஆகியவற்றின் செலவு நட்டமாக எண்ணப்படவில்லை. இருந்தும் புது அரங்கம் கட்டிக்கொண்டிருந்த எவர்ட்டன் மாட்டிக்கொண்டது. அதன் நட்டம் 124.5 மில்லியன் என்று கணித்து 2023 நவம்பரில் 10 புள்ளிகளைக் குறைத்தார்கள், மேன்முறையீட்டில் அது 6 ஆனது. அரங்கக் கடனின் வட்டியை நட்டமாக எண்ணுவதா, கட்டுமானச் செலவாக விலக்குவதா என்பது அந்த வழக்கில் பெரிய வாதமாக இருந்தது.

கேள்வி: பதிவுக் காலம் வந்தால் ஒரு நாளைக்கு 50 வதந்தி. எதை நம்புவது?
(புதுக்குடியிருப்பு மாணவர்)

தம்பி, முதலில் வீரரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். கடைசி ஆறு மாதத்துக்குள் வந்துவிட்ட வீரர் வேறு கழகத்தோடு முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யலாம், அது ஃபிஃபா விதி. அப்படியானவரைப் பற்றிய ஜனவரிச் செய்தியில் உண்மை இருக்க வாய்ப்பு அதிகம். நாலு ஆண்டு மீதமுள்ளவரைப் பற்றி, விலையே சொல்லாமல் ‘ஆர்வம் காட்டுகிறது’ என்று வரும் செய்தி பெரும்பாலும் முகவரிடமிருந்து வருவது. சம்பளத்தை உயர்த்தி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அது உதவும்.

அடுத்து, வாங்கும் கழகத்தின் கணக்கைப் பாருங்கள். 50 மில்லியனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால் கணக்கில் ஆண்டுக்கு 10 மில்லியன் என்றே எழுதுவார்கள். கழகத்திலேயே வளர்ந்த வீரரை விற்றால் அந்த விலை முழுவதும் இலாபம். ஜூன் கடைசியில், கணக்காண்டு முடிகிற நேரம், சொந்தப் பிள்ளைகளை விற்கிறார்கள் என்று வரும் செய்திக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கும்.

மருத்துவப் பரிசோதனை நடந்தது என்றால் விலை முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். ஆனாலும் பதிவு முடியும்வரை எதுவும் முடியவில்லை. 2015இல் மன்செஸ்டர் யுனைடட் கோல்காப்பாளர் டி கேயா ரியல் மட்ரிட்டுக்குப் போக இருந்தது ஆவணங்கள் நேரத்துக்குச் சேராததால் நின்றுபோனது. 2017இல் அட்ரியன் சில்வாவின் பதிவு 14 செக்கன் பிந்தியது. லெஸ்டர் அவரை ஜனவரிவரை களமிறக்க முடியவில்லை.

கேள்வி: எங்கள் கழகத்துக்குக் கனடாவிலும் சுவிஸிலும் உள்ள பழைய வீரர்கள் 60 இலட்சம் ரூபா தர முன்வந்துள்ளார்கள். 300 பேர் அமரும் கூரை போட்ட பார்வையாளர் அரங்கு கட்டுவோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். நிர்வாகத்தில் கருத்து வேறுபாடு. எதை முதலில் செய்வது?
(தருமபுரம், கழகச் செயலாளர்)

அரங்கு வேண்டாம், இப்போதைக்கு. பெயர்ப்பலகையோடு நிற்கும் அரங்கு படத்தில் நன்றாகத் தெரியும், தருகிறவர்களுக்கு அது மனநிறைவு தரும். அதை நாம் மதிக்கவேண்டும். ஆனால் அரங்கின் முன்னால் விளையாடத் தகுந்த தரை இல்லாவிட்டால் அது ஆண்டில் இரண்டு நாள் பயன்படும் கட்டடம். இங்கிலாந்தில் டார்லிங்டன் என்ற சிறிய கழகம் 2003இல் 25,000 ஆசனத்தில் அரங்கம் திறந்தது. வழமையாக வருகிறவர்கள் சில ஆயிரம் பேர். அந்த ஆண்டே கடனைக் கட்ட முடியாமல் கழகம் நிர்வாகிகளின் கைக்குப் போனது, 2012இல் பழைய கழகமே இல்லாமற் போனது.

முதலாவது வேலை காணி. மைதானம் பிரதேச சபையுடையதா, பாடசாலையுடையதா, அரச காணியா, வனத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா? பிரதேச செயலகத்தில் எழுத்தில் பெறுங்கள். கழகத்தின் பெயரில் நீண்டகாலக் குத்தகையோ பயன்பாட்டு அனுமதியோ இல்லாமல் ஒரு சீமெந்துப் பை கூட இறக்காதீர்கள். காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட ஆவணத்தையும் அங்கேயே கேளுங்கள். மேற்பரப்பில் விடுவித்த நிலம் ஆழமாகத் தோண்டுவதற்கும் பாதுகாப்பானது என்று எண்ணக்கூடாது. வடிகாலோ கம்பக் குழியோ வெட்டும்போது இரும்பாக ஏதும் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி, தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, 119க்கு அறிவியுங்கள்.

இனித் தரை. 30 சதம மீற்றர் நீளம், அகலம், ஆழத்தில் மைதானத்தின் ஐந்து இடங்களில் குழி வெட்டுங்கள். ஒருமுறை தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவிடுங்கள். 2.5 சதம மீற்றருக்குக் குறைவென்றால் மாரியில் அந்தத் தரை சேறாகும். அப்போது சாய்வுதான் உங்களைக் காப்பாற்றும். 100 × 64 மீற்றர் மைதானத்தில் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கக் கோடுகளுக்கும் நூற்றுக்கு ஒன்று சாய்வு என்றால் நடு முதுகு ஓரத்தைவிட 32 சதம மீற்றர் உயரம். மண் முழுவதையும் வெளியிலிருந்து கொண்டுவந்தால் ஏறத்தாழ 1,020 கன மீற்றர், அதாவது 360 கியூப், மூன்று கியூப் டிப்பரில் 120 லோட். இறுகும்போது குறைவதால் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தை வெட்டி நடுவில் போட்டால் வெளி மண் வெகுவாகக் குறையும், ஆனால் மேல் 10 சதம மீற்றர் நல்ல மண்ணை முதலில் ஒதுக்கி வைத்து, கடைசியில் அதை மேலே பரப்பவேண்டும். இதைச் செய்யாமல் டோசர் விட்டு ஒரேயடியாகத் தள்ளிய மைதானங்களில்தான் அடிமண் மேலே வந்து புல் பிடிக்காமல் கிடக்கிறது. வடிகாலைப் பக்கக் கோட்டிலிருந்து குறைந்தது 3 மீற்றர் தள்ளி வெட்டுங்கள். தண்ணீர் எங்கே போய் விழும் என்பதையும் முன்பே பேசி முடியுங்கள். பக்கத்து வயலுக்குள் விட்டால் அடுத்த மாரியில் சண்டை வரும்.

புல்லுக்கு அறுகுதான். ஆவணி, புரட்டாதியில் தரை வேலையை முடித்து, ஐப்பசி மழை தொடங்கியதும் 20 சதம மீற்றர் இடைவெளியில் அறுகுத் துண்டுகளை நடுங்கள். சதுர மீற்றருக்கு 25, முழு மைதானத்துக்கு 1,60,000 துண்டு. பயமுறுத்தும் எண்ணிக்கைதான், ஆனால் ஊர் ஒன்றுகூடினால் சில நாள் சிரமதானத்தில் முடியும். தைப்பொங்கல்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. வேர் பிடித்தபின் 3 சதம மீற்றர் உயரத்தில் வெட்டுங்கள், ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒன்றுக்குமேல் எடுக்காதீர்கள். வளரும் காலத்தில் மாதம் ஒருமுறை 100 சதுர மீற்றருக்கு அரைக் கிலோ யூரியா, மொத்தம் 32 கிலோ, போட்ட கையோடு தண்ணீர்.

தண்ணீரில்தான் வன்னி மைதானங்கள் தோற்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புல் நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் அளவில் தண்ணீர் கேட்கும். 6,400 சதுர மீற்றருக்கு அது 25,600 லீற்றர். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நிற்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை 76,800 லீற்றரை ஆழமாக விடுங்கள். மணிக்கு 15,000 லீற்றர் தரும் பம்பில் அது ஐந்து மணித்தியால வேலை. உங்கள் கிணறு வைகாசியில் அதைத் தாங்குமா என்று இப்போதே இறைத்துப் பாருங்கள். தாங்காவிட்டால் முழு மைதானத்தையும் காப்பாற்ற முயலாமல் இரண்டு கோல் வாசல்களையும் நடுவட்டத்தையும் மட்டும் காப்பாற்றுங்கள். அறுகின் அடிக்கொடி கோடையில் காய்ந்து கிடந்தாலும் மழைக்குத் திரும்ப வரும், கால் மிதித்துத் தேய்ந்த இடத்தில் வராது.

பிறகு வேலி. கட்டாக்காலி மாடு ஒரு மாரி இரவில் செய்யும் குழியை ஒரு மாதத்தில் சரிசெய்ய முடியாது. ஒவ்வொரு பக்கமும் 6 மீற்றர் விட்டால் சுற்றளவு 376 மீற்றர். 2.5 மீற்றருக்கு ஒரு கொங்கிறீட் கட்டையாக 150 கட்டை, ஐந்து வரி என்றால் 1,880 மீற்றர் முட்கம்பி. அந்த 6 மீற்றரைக் குறைக்காதீர்கள், ஓடி வரும் விங்கர் கம்பியில் விழுவார்.

இதற்குப் பிறகு உடைமாற்றும் அறையும், பெண்களுக்குத் தனியான மலசலகூடமும். பெண்கள் அணி ஒன்று உருவாக முடியாமற் போவதற்கு நம் ஊர்களில் முதற் காரணம் பல இடங்களில் இதுவே. மீதிக் காசில் குறைந்தது 10 இலட்சத்தை நிலையான வைப்பில் இட்டு, வட்டியைப் பராமரிப்பாளருக்குக் கொடுங்கள். சம்பளம் பெறும் ஒரு ஆள் இல்லாத மைதானம் இரண்டு ஆண்டில் பழைய நிலைக்குப் போகும். கணக்கை மூவர் கையொப்பத்தில் வையுங்கள். தந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பற்றுச்சீட்டுகளின் படத்தை அனுப்புங்கள். அரங்குக்கு அடுத்த காசு அப்படித்தான் வரும்.

கேள்வி: மின்னொளிப் போட்டி நடத்த நிரந்தர விளக்குக் கம்பம் போடலாமா?
(மாங்குளம் வாசகர்)

முழு மைதானத்துக்கு 150 லக்ஸ் (தரையில் விழும் வெளிச்சத்தின் அளவு) வேண்டுமென்றால் 1,000 வாட்ஸ் எல்இடி விளக்கு ஏறத்தாழ 22 முதல் 24, மும்முனை மின்னிணைப்பு, 15 மீற்றருக்குக் குறையாத கம்பங்கள். ஆண்டில் ஒரு சுற்றுப்போட்டிக்கு இது தகாது. அணிக்கு எழுவர் போட்டியைச் சிறிய களத்தில், வாடகை ஜெனரேற்றரோடு நடத்துங்கள்.

கேள்வி: சுற்றுப்போட்டிக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீரர்கள் இருவரை வேறு கழகம் காசு கொடுத்து இழுத்துவிட்டது. என்ன செய்யலாம்?
(செட்டிகுளம்)

ஒப்பந்தமில்லாத வீரரைக் கட்டிவைக்க முடியாது, அது நியாயமும் அல்ல. கையிலிருப்பது பதிவு மட்டும். பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவரின் கையொப்பமிட்ட பதிவுப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, படம் ஆகியவற்றை லீக்கில் ஒப்படைத்து, முத்திரையிட்ட பிரதியைத் திரும்ப வாங்குங்கள். அது இருந்தால், விடுவிப்புக் கடிதம் இல்லாமல் வேறு கழகத்தில் இறங்கிய வீரரைப் பற்றி முறையிடலாம். முறைப்பாட்டுக்கான காலக்கெடுவை சுற்றுப்போட்டி விதிப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அழைப்புச் சுற்றுப்போட்டிகளில் ‘வெளி வீரர் எத்தனை பேர்’ என்பதை ஏற்பாட்டாளர் எழுத்தில் போடவேண்டும். வாய்ப்பேச்சில் விட்ட இடங்களில்தான் அரையிறுதி கைகலப்பில் முடிகிறது.

கேள்வி: மகனுக்கு 16 வயது. ஐரோப்பியக் கழகம் ஒன்றில் சேர்ப்பதாகச் சொல்லி ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
(மன்னார், ஒரு தாய்)

கொடுக்காதீர்கள் அம்மா. 18 வயதுக்குட்பட்டவரை இன்னொரு நாட்டுக் கழகத்தில் பதிவதை ஃபிஃபா பொதுவாகத் தடைசெய்துள்ளது. உதைபந்தாட்டத்தோடு தொடர்பில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் அந்நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. உங்கள் மகன் இங்கிருந்து போவது அவற்றில் அடங்காது. அவர் முகவர் என்றால் ஃபிஃபா அனுமதி இலக்கத்தைக் கேளுங்கள். கழகத்தின் அழைப்புக் கடிதத்தைக் காட்டினால், கடிதத்திலுள்ள முகவரியை விட்டு, கழகத்தின் சொந்த இணையத்தளத்திலுள்ள முகவரிக்கு எழுதி உறுதிப்படுத்துங்கள். கடவுச்சீட்டின் மூலப்பிரதியை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

உங்கள் மகன் இப்போது விளையாடும் கழகத்துக்கும் ஒரு வார்த்தை. ஃபிஃபா கனெக்ட் இலக்கத்தோடு (ஒவ்வொரு வீரருக்கும் பதிவில் கிடைக்கும் தனி இலக்கம்) பிள்ளையின் பதிவு ஏறியிருக்கிறதா என்று லீக்கில் கேளுங்கள். பின்னாளில் அவர் ஒப்பந்தக் காலத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு விற்கப்பட்டால், விலையின் 5 வீதம் 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கழகங்களுக்குரியது. 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 வீதம், அதன்பின் 0.5 வீதம். பத்து இலட்சம் டொலர் விலையில், அந்த முதல் நாலு ஆண்டும் வளர்த்த கிராமக் கழகத்துக்கு 10,000 டொலர். பதிவு இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

கேள்வி: கோல் கம்பம் நாமே ஒட்டலாமா? அளவு என்ன?
(ஒட்டுசுட்டான்)

ஒட்டலாம். உட்பக்க அகலம் 7.32 மீற்றர், நிலத்திலிருந்து குறுக்குக் கம்பத்தின் கீழ் விளிம்புவரை 2.44 மீற்றர். கம்பத்தின் தடிப்பு 12 சதம மீற்றரைத் தாண்டக்கூடாது, நிறம் வெள்ளை. 60 சதம மீற்றராவது புதைத்துக் கொங்கிறீட் போடுங்கள். வலை மாட்ட இரும்புக் கொளுக்கி ஒட்டாதீர்கள், மோதிரம் போட்ட கையைக் கிழிக்கும். 12 வயதுக்குட்பட்டோருக்கு 4.88 × 2.13 மீற்றர் போதும். தூக்கி வைக்கும் கம்பமென்றால் பின்சட்டத்தை ஒவ்வொரு முறையும் முளையடித்துக் கட்டுங்கள், பயிற்சி முடிந்ததும் முகம் கீழாகச் சாய்த்துப் பூட்டுங்கள். பிள்ளைகள் குறுக்குக் கம்பத்தில் தொங்கும்போது கவிழ்ந்து உயிரிழந்த விபத்துகள் பல நாடுகளில் நடந்துள்ளன.